கொல்லையில் இரும்பு அடித்துப் பழக விறகு அடுப்பு போதாதா, உலைக்குத் துருத்தி எதற்கு?

உலை என்பது கரி நெருப்புக்கு அடியிலிருந்து காற்று கொடுக்கும் ஒரு குழி, அவ்வளவுதான். கரி எரிய ஆக்சிஜன் வேண்டும். தானாக வரும் காற்றில் அது நிதானமாக எரியும், இரும்பு மங்கிய சிவப்போடு நின்றுவிடும். துருத்தியால் காற்று ஊதினால் அதே கரி ஒரே இடத்தில் வேகமாக எரிந்து 1000 டிகிரியைத் தாண்டும். அம்மா ஊதாங்குழலால் ஊதியதும் அடுப்பில் கங்கு பளிச்சென்று ஆகுமே, அதேதான்.

நம் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் களிமண்ணே குழிக்குப் போதும், ஆனால் வெறும் மண் காய்ந்தால் கோடை வயல் மாதிரி வெடிக்கும், அதனால் உமியோ நறுக்கிய வைக்கோலோ போட்டு மிதித்துப் பூசி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். வெட்டவெளி வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது, நிழல் வேண்டும், அதற்காகக் கீற்றுக் கொட்டகையோ வைக்கோல் போர் பக்கமோ போய்விடாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் அடிக்கலாம், கருஞ்சிவப்புக்கு இறங்கியதும் மறுபடி உலைக்குள் வையுங்கள். அப்புறம், ஜி.ஐ. குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உலையில் வைக்கவே வேண்டாம், அதன் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

இரும்பை உருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், அடிப்பதற்கு அது இளகினாலே போதும்.