எல்லிஸ் தீவும் ஐந்து மாடிக் குடியிருப்பும்: நியூயார்க் குடியேறிகள் பற்றிக் கேள்வி பதில்

1880 முதல் 1924 வரை நியூயார்க்குக்குப் பிழைக்க வந்தவர்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், அதிகாரிகள் தங்கள் வாயில் நுழையாத பெயர்களைச் சுருக்கி எழுதிவிட்டார்களாமே?

இல்லை. அங்கே யாரும் புதிதாகப் பெயர் எழுதவில்லை. நேப்பிள்ஸ், ஹாம்பர்க், பிரெமன் போன்ற துறைமுகங்களில் கப்பல் கம்பெனி எழுத்தர் எழுதிய பயணிகள் பட்டியல் கப்பலோடு வரும். இன்ஸ்பெக்டர் அதை வைத்துச் சரிபார்ப்பார், அவ்வளவுதான். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரும் இருப்பார். பெயர் மாறியது பிற்பாடு, பள்ளியிலும் வேலையிடத்திலும். பெரும்பாலும் அவர்களே மாற்றிக்கொண்டார்கள். பழைய பதிவுகளில் தேடுகிறவர்கள் அமெரிக்க எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு, சொந்த ஊரில் வழங்கிய வடிவத்தில் தேடுங்கள். இத்தாலியப் பெண்கள் என்றால் பிறந்த வீட்டுப் பெயரில் தேட வேண்டும். திருமணமானவர்களும் அந்தப் பெயரில்தான் பயணம் செய்தார்கள்.

கேள்வி: ஐயா, கப்பலை விட்டு இறங்கியதும் என்ன நடக்கும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். அடித்தட்டில் வந்தவர்களைத்தான் படகில் தீவுக்குக் கொண்டுபோவார்கள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் படியேற வேண்டும். அப்போதே டாக்டர்களின் கண்காணிப்பு தொடங்கிவிடும்: மூச்சு வாங்குகிறதா, கால் இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆளுக்குச் சில நொடிகள்தான். சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸால் குறி போடுவார்கள்: இதயத்துக்கு 'எச்', கண்ணுக்கு 'ஈ', நொண்டலுக்கு 'எல்'. எல்லோரும் அஞ்சியது கண் பரிசோதனைக்கு. ஷூ பொத்தான் மாட்டும் கொக்கியால் இமையைப் புரட்டி டிரக்கோமா என்ற தொற்றும் கண்நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்து 29 கேள்விகள். பலர் சறுக்கிய கேள்வி, "வேலை தயாராக இருக்கிறதா?" என்பது. ஆமாம் என்றால் நல்லது என்று தோன்றும். ஆனால், முன்கூட்டியே வேலை ஒப்பந்தம் செய்துகொண்டு வருவதை 1885-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. உழைத்துப் பிழைக்க முடியாதவர் என்று தோன்றினாலும் அனுமதி கிடையாது. ஆக, உடம்பில் தெம்பு இருக்க வேண்டும், கையில் வேலை இருக்கக் கூடாது. சிக்கல் இல்லாதவர்கள் சில மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சுமார் 2 சதவீதம். அவர்களைக் கொண்டுபோகும் செலவு கப்பல் கம்பெனி தலையில் விழுந்தது. 1907 ஏப்ரல் 17 அன்று ஒரே நாளில் 11,747 பேர் இந்தச் சோதனையைக் கடந்துபோனார்கள்.

கேள்வி: 'டம்பெல்' குடியிருப்பு என்கிறார்களே, அதில் என்ன கோளாறு?

கோளாறு மனையிலேயே தொடங்குகிறது. நியூயார்க் மனை 25 அடிக்கு 100 அடி. நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்று மேல். அதில் 90 அடி நீளத்துக்கு ஐந்தாறு மாடி எழுப்பி, மாடிக்கு நான்கு குடும்பம், 14 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்று 1879-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வெளிச்சம் வருமா என்று கேட்கவில்லை. அதனால் கட்டடத்தின் நடு இடுப்பை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்கள். மேலிருந்து பார்த்தால் உடற்பயிற்சி டம்பெல் போலத் தெரியும். பக்கத்துக் கட்டடமும் அப்படியே குறுகுவதால், இரண்டுக்கும் நடுவே சுமார் 5 அடி அகலத்தில் ஒரு காற்றுக் குழி. நேரடி வெளிச்சமும் காற்றும் கிடைத்தது 14-ல் 4 அறைகளுக்கு மட்டும்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

மற்ற 10 அறைகளின் ஜன்னலும் அந்தக் குழியைப் பார்த்தே இருந்தன. மேல் மாடிக்காரர்கள் அதில் குப்பை கொட்டினார்கள். அடியில் இறங்கிச் சுத்தம் செய்ய வழியில்லாமல் அது அழுகியது. நாற்றம் தாங்காமல் ஜன்னலை மூடிவிட்டால் அறை இருட்டு. தீப்பிடித்தாலோ, குழி புகைபோக்கியாகி நெருப்பை எல்லா மாடிக்கும் இழுத்துக்கொண்டு போகும். கழிப்பறை மாடிக்கு இரண்டு, நடைவழியில்.

1901-ம் ஆண்டுச் சட்டம்தான் நிலைமையை மாற்றியது. வீட்டுக்கு ஒரு கழிப்பறை வேண்டும், குழிக்குப் பதில் முற்றம் வேண்டும் என்றது. 25 அடி மனையில் முற்றம் விட்டால் வாடகை கட்டுப்படியாகாது; எனவே 40, 50 அடி அகலத்துக்கு மனைகளைச் சேர்த்துக் கட்டத் தொடங்கினார்கள். பழைய கட்டடங்களையும் அந்தச் சட்டம் விடவில்லை என்பதுதான் அதன் பெருமை. உள்ளறைச் சுவரை உடைத்து ஜன்னல் வைக்கச் சொன்னது, கொல்லைப்புறக் கக்கூஸை அகற்றச் சொன்னது.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் அங்கேயே கிடந்தார்கள்? நகருக்கு வெளியே போயிருக்கலாமே?

வேலை அங்கே இருந்தது. தையல் வேலை பீஸ் ரேட். துணிக்கட்டைத் தோளில் சுமந்து வாங்கி வந்து, முடித்துத் திருப்பிக் கொடுக்க நடை தூரத்தில் இருந்தாக வேண்டும். வாடகையைச் சமாளிக்க உள்வாடகைக்கும் ஆள் வைத்தார்கள். வில்லியம்ஸ்பர்க் பாலம் 1903 டிசம்பரிலும், சுரங்க ரயில் 1904 அக்டோபரிலும் திறந்தன. ரயில் கட்டணம் 5 சென்ட். அதன் பிறகு நகரின் தள்ளியிருந்த பகுதிகளான புரூக்ளினுக்கும் பிராங்ஸுக்கும் குடும்பம் குடும்பமாக நகர்ந்தார்கள்.

கேள்வி: டிரையாங்கிள் என்ற ஆடைத் தயாரிப்புக் கம்பெனியின் தீ விபத்தில் 146 பேர் சாகும்படி என்ன ஆனது?

1911 மார்ச் 25. தீ பிடித்தது 8-ம் மாடியில், கம்பெனி இருந்தது 8, 9, 10-ம் மாடிகளில். 9-ம் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. இரும்பு அவசரப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு ஏணியோ 6-ம் மாடி வரைதான் எட்டியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இளம் யூத, இத்தாலியப் பெண்கள். ஒரு கதவு திறந்திருந்தால் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பார்கள்.

கேள்வி: இந்த வரத்து எப்போது நின்றது? இந்தியர்களுக்கு இடம் இருந்ததா?

இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்கு 1917-லேயே கதவு சாத்தப்பட்டது. ஐரோப்பாவுக்கு 1924-ம் ஆண்டுச் சட்டம் கோட்டா போட்டது: அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கும் அந்தந்த நாட்டினரில் 2 சதவீதம். அதற்கு எடுத்துக்கொண்டது 1920 கணக்கெடுப்பை அல்ல, 1890 கணக்கெடுப்பை. இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் பெருமளவில் வந்தது அதற்குப் பிறகுதான் என்பதால் அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இத்தாலிக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 3,845 இடம்.