பழைய காருக்குப் புதிய சிப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 2002ஆம் ஆண்டு ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோல் கார் இருக்கிறது. பார்த்துப் பார்த்து வைத்திருந்தாலும் பழைய பிக்கப் இப்போது இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டரின் சிப்பை மாற்றினால் 20 குதிரைத்திறன் கூடும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: 20 குதிரைத்திறன் கூடுவதற்கு வாய்ப்பே இல்லை. மறைமலை நகர் ஆலையில் தயாரான தங்கள் கார், புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 92 குதிரைத்திறன் தந்தது. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி) இல்லாத அந்த எஞ்சினில் சிப்பை மட்டும் மாற்றி நான்கைந்து குதிரைத்திறன் கூட்டிவிட்டாலே, செய்தவர் தேர்ந்த வேலைக்காரர் என்று கொள்ளலாம். எஞ்சினின் சக்திக்கு எல்லை வகுப்பது அது உள்ளே இழுக்கும் காற்று. அந்தக் காற்றின் அளவை வால்வுகளும், அவற்றைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டின் வடிவமும், உள்ளிழுக்கும் குழாய்களும் முடிவு செய்கின்றன. சிப் அதில் தலையிட முடியாது. வந்த காற்றுக்கு ஏற்ப இன்ஜெக்டரை எத்தனை மில்லி விநாடி திறந்து வைப்பது, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு எத்தனை டிகிரி முன்னதாக ஸ்பார்க் பிளக்கில் பொறி விழச் செய்வது என்ற இரண்டு அட்டவணைகளே சிப்பில் உள்ள முக்கியமான சங்கதி. எரிபொருளையும் பற்றவைப்பையும் ஒரே கணினியின் கீழ் கொண்டுவந்த போஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் அமைப்பு 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தபோதும் இதுதான் நிலை.

தயாரிப்பாளர்கள் அந்த அட்டவணைகளில் கொஞ்சம் இடம் விட்டே வைக்கிறார்கள் என்பது உண்மை. மே மாத வெயிலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலை ஏறும் காருக்கும், பனிக்காலத்தில் டெல்லியில் ஓடும் காருக்கும் ஒரே அட்டவணைதான். பெட்ரோலின் தரம் நிலையத்துக்கு நிலையம் மாறலாம் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிப் மாற்றுபவர் இந்த இடத்தில்தான் கை வைக்கிறார்: பொறியை இரண்டு மூன்று டிகிரி முன்னே தள்ளுகிறார், முழு ஆக்சிலரேட்டரில் எரிபொருளைச் சற்றுக் கூட்டுகிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, எரியறையில் கரி படிந்திருக்கும் எஞ்சினில் இந்த முன்தள்ளல் நாக்கிங்கில், அதாவது எரிபொருள் சீராக எரியாமல் வெடித்து எஞ்சின் தட்டும் நிலையில், கொண்டுபோய் விடலாம். நாக்கிங்கை உணரும் சென்சார் இல்லாத கார்களில் பொறியைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றவும் யாரும் இல்லை. பிஸ்டனும் ரிங்கும்தான் அடி வாங்கும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்றைப் பட்டறைக்காரர் தங்களிடம் சொல்லவில்லை. 2002இல் இதே சிப்புடன்தான் அந்தக் கார் நன்றாக இழுத்தது. சிப்பில் எழுதிய அட்டவணை ஓடி ஓடித் தேய்வதில்லை, தேய்ந்தவை வேறு. முதலில் நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் நல்ல அளவிலும் இருந்தால் எஞ்சின் பிழைத்தது என்று பொருள். அடுத்து எரிபொருள் அழுத்தம், இன்ஜெக்டர் தெளிப்பு, ஏர் ஃபில்டர், பிளக், பிளக் ஒயர்கள் ஆகியவற்றைப் பாருங்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் வயதாக ஆக மந்தமாகிவிடும். எஞ்சின் வெப்பநிலை சென்சார் தவறாகச் சொன்னால், கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி எந்நேரமும் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும். பழைய கார்களில் அடிக்கடி கவனிக்கப்படாமல் போவது, புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர். அது உள்ளே உருகியோ உடைந்தோ அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியின்றி எஞ்சின் மேல் வேகத்தில் மூச்சுத் திணறும்; எந்தச் சிப்பாலும் அதைச் சரிசெய்ய இயலாது. இவற்றைப் பழுது பார்த்தாலே தாங்கள் தேடுகிற பிக்கப்பில் பெரும்பகுதி திரும்பிவிடும் என்பது என் கணிப்பு.

இதற்குப் பிறகும் ஆசை இருந்தால், எதை மாற்றப் போகிறார் என்று அவரிடம் கேளுங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த பல வெளிநாட்டுக் கார்களில் 28 கால்கள் கொண்ட, வெறும் 32 கிலோபைட் கொள்ளளவுள்ள நினைவகச் சிப் இருந்தது. அதன் முதுகில் ஒரு சிறிய கண்ணாடிச் சாளரம் இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் அதில் எழுதிய பதிவு அழிந்துவிடும் என்பதால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். சாக்கெட்டில் செருகியிருந்தவற்றைப் பிடுங்கி வேறொன்றைப் பொருத்துவது ஐந்து நிமிட வேலை. பின்னர் வந்த கார்களில் பெரும்பாலும் பலகையிலேயே சால்டர் செய்த ஃபிளாஷ் நினைவகம்தான். சூடேற்றி அதை எடுக்கும்போது பலகையின் செம்புத் தடம் பெயர்ந்துவிட்டால் கம்ப்யூட்டரே போயிற்று. இந்த வயதுக் காருக்கு மாற்று கம்ப்யூட்டர் தேடுவது எளிதல்ல. ஆகவே மூலப் பதிவை முழுதாகப் படித்து ஒரு பிரதி எடுத்துத் தங்கள் கையில் தராதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். டைனோவில் (காரின் சக்தியை அளக்கும் உருளை மேடையில்) ஓட்டி, முன்னும் பின்னும் அளந்து காட்டாதவரிடமும் அப்படியே.

கேள்வி: ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (பழுது கண்டறியும் கருவியை இணைக்கும் இடத்தில்) செருகினால் சக்தியும் மைலேஜும் கூடும் என்று இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு ஒரு சாதனம் விற்கிறார்கள். பலன் உண்டா?
– வாசகி, தாம்பரம்

பதில்: இல்லை. இவ்வகைச் சாதனங்கள் பலவற்றைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது, மினுக்கும் விளக்கையும் அதை மினுக்கவைக்கும் சில்லறை உதிரிகளையும்தான். இதன் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு: காற்று வெப்பநிலை சென்சார் ஒயரில் கோத்துவிடும் ரெசிஸ்டர். உள்ளே வரும் காற்று குளிர்ந்தது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி அது பெட்ரோலைக் கூட்ட வைக்கும். புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது அந்தப் பொய் வெளிப்படும்.

கேள்வி: என் 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காருக்கு ரீமேப் செய்தால் (கம்ப்யூட்டரின் அட்டவணைகளை மாற்றி எழுதினால்) 40 குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். இதையும் நம்பக் கூடாதா? சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இதை நம்பலாம். தங்கள் காரில் உள்ளது 1.8 லிட்டர் டர்போ எஞ்சின். 150 குதிரைத்திறனும் 210 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் நிறுவனம் குறித்த அளவுகள். டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் திணிக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்துகிறது. ஆகவே இங்கே மட்டும் காற்றின் அளவையே அட்டவணையை மாற்றி எழுதிக் கூட்ட முடிகிறது. 190 வரை கொண்டுபோவது உலகெங்கும் செய்து பழகிய வேலை. நாக் சென்சார்களும் இருப்பதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் கூடிய இழுவிசையை முதலில் சுமப்பது கிளட்ச். பழைய கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் வியப்படையாதீர்கள். இறுகி வெடித்த ரப்பர்க் குழாய்களை ரீமேப்புக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது. சோதனையில் மென்பொருள் கண்ணுக்குப் படாது என்ற துணிச்சலில் பலர் செய்கிறார்கள். விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வரும்போது அந்தத் துணிச்சல் உதவாது. நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டுச் செய்வதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: 2001 மாருதி எஸ்டீம் வைத்திருக்கிறேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றபடி சிப்பை மாற்றி எழுத வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: சக்திக்காகச் சிப் மாற்றுவதைவிட நியாயமான கேள்வி இது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே பழைய அட்டவணைப்படி ஊற்றினால் எரிபொருள் ஏறத்தாழ 7 சதவீதம் பற்றாக்குறையாகும். ஒரே சீராக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே ஈடுசெய்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் அது சென்சாரைக் கேட்பதில்லை, அட்டவணையையே பின்பற்றும். எத்தனால் நாக்கிங்கை நன்கு தாங்கும் என்பதால் உடனடி ஆபத்து இல்லை. அட்டவணையை மாற்றி எழுதத் தெரிந்த நல்ல டியூனர் கிடைத்தால் அந்தப் பகுதியை மட்டும் 7 சதவீதம் கூட்டி எழுதலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். மைலேஜ் குறைவதைச் சிப்பை மாற்றி எழுதி மீட்க முடியாது. எத்தனாலில் எரிசக்தியே மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீத இழப்பு வரலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே கணித்திருந்தது. தங்கள் பணத்தை முதலில் எரிபொருள் ரப்பர்க் குழாய்களுக்கும், டேங்கில் உள்ள பம்ப்பின் சீல்களுக்கும், ஃபில்டருக்கும் செலவிடுங்கள். எத்தனால் அரிப்பது அவற்றைத்தான்.