தறி மோட்டாரைப் பிரிக்கிற பையனை எங்கே சேர்ப்பது?

போன வாரம் ஆந்திராவில் தமிழக எல்லையை ஒட்டிய நகரியிலிருந்து ஒரு தம்பதி, பையனை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க அவனோடு என்னிடம் வந்திருந்தார்கள். வீட்டில் நான்கு விசைத்தறி. பையன் இப்போதுதான் பத்தாவது முடித்திருக்கிறான். தாய்மாமன் திருப்பதியில் ஒரு தனியார் இன்டர் கல்லூரியை (ஆந்திராவில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் இடம்) பார்த்து வைத்துவிட்டார்: கணக்கு, இயற்பியல், வேதியியல் சேர்ந்த எம்பிசி பிரிவு, கூடவே ஐஐடி கோச்சிங், ஹாஸ்டல், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். ஒரு தறியை விற்றுவிடலாமா என்று கேட்கும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பதற வேண்டாம் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். அது போதாது. இப்போது நேராகவே சொல்கிறேன் அம்மா, தறியை விற்காதீர்கள்.

முக்கால் மணி நேரத்தில் உங்கள் பையன் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. தறி நின்றால் யார் பார்ப்பது என்று கேட்டேன். "மோட்டார் உறுமிச்சு, ஆனா சுத்தல சார். கெபாசிட்டர் போயிருந்துச்சு, நானே மாத்திட்டேன்" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சம், கோச்சிங் பேச்சு நடந்த நேரம் முழுக்க இல்லை. அந்தப் பிள்ளையை விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை மாதிரித் தேர்வு எழுத உட்கார வைப்பது தப்பு.

அவனுக்கு நான் சொல்வது பாலிடெக்னிக்கில் மூன்று வருட எலெக்ட்ரிகல் டிப்ளமோ. மனதில் வைத்திருப்பது சூரிய மின் பூங்கா வேலை.

ராஜஸ்தானில் தார் பாலைவனத்தில் பட்லா என்று ஓர் இடம். சுமார் 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் திறன் கொண்ட சோலார் பேனல்கள். மணலும் வெயிலும் தவிர வேறெதுவும் இல்லை என்று விட்டுவைத்திருந்த நிலம். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் ஆந்திராவிலேயே கர்னூல் பக்கம் 1,000 மெகாவாட், எல்லையைத் தாண்டினால் கர்நாடகத்தில் பாவகடாவில் 2,050 மெகாவாட். 2030-க்குள் நிலக்கரி, எரிவாயு இல்லாத வழிகளில் 500 ஜிகாவாட் திறன் என்பது நாட்டின் இலக்கு.

உங்கள் அண்ணன் கேட்பார், "கண்ணாடி துடைக்கிற வேலைக்கா?" என்று. இல்லை. பாலைவனத்தில் தண்ணீர் அருமை. அதனால் பட்லாவில் தூசியைத் துடைக்கத் தண்ணீரே இல்லாமல் ஓடும் ரோபோக்கள் வந்துவிட்டன. டெக்னீஷியன் வேலை வேறு. பேனல்களை வரிசையாகக் கோத்தால் 1,000, 1,500 வோல்ட் வரை டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், வரும். வீட்டுக்கு வருகிற, திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தில் தீப்பொறி பறந்தால் மின்னோட்டம் பூஜ்ஜியத்தைத் தொடும் கணத்தில் அணைய வாய்ப்புண்டு. டிசியில் அந்தக் கணமே கிடையாது, பொறி பிடித்தால் நின்று எரியும். ஒரு தளர்ந்த கனெக்டர் போதும். அதனால் வெப்பக் கேமராவைப் பிடித்துக்கொண்டு எந்தப் பேனல் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று தேடுவார்கள், மெகர் என்ற கருவியை வைத்துக் கேபிளின் இன்சுலேஷனை, அதாவது மின்சாரம் கசியாமல் காக்கும் உறையைச் சோதிப்பார்கள், டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர்களில் எது குறைவாகத் தருகிறது என்று ஸ்காடா என்ற கண்காணிப்புத் திரையில் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பார்கள். இன்னொன்று, வெயில் ஏற ஏற உற்பத்தி கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வெளிச்சம்தான் மின்சாரம் தருகிறது. பேனல் சூடானால் அதன் திறன் குறையும். உறுமுகிற மோட்டாரைக் கேட்டே கெபாசிட்டர் என்று சொன்ன பையனுக்கு இதெல்லாம் பிடிக்கும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பூங்கா கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பார்கள், கட்டி முடித்தபின் சிலரே போதும். பல வேலைகள் ஒப்பந்தத்தில்தான். தொடக்கச் சம்பளம் சுமார்தான், கோடையில் வெயில் கொளுத்தும். அதனால்தான் ஒரு குறுகிய சோலார் சான்றிதழை மட்டும் நம்பச் சொல்லாமல் எலெக்ட்ரிகல் டிப்ளமோ சொல்கிறேன். சோலார் சரிப்படவில்லை என்றால் துணை மின்நிலையம், தொழிற்சாலை என்று அதே படிப்பு கைகொடுக்கும். பின்னால் அவனே ஆசைப்பட்டால் டிப்ளமோ முடித்தவர்களுக்கான ஈசெட் நுழைவுத் தேர்வு எழுதி பி.டெக் இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம். உங்கள் அண்ணன் கேட்கிற டிகிரி அப்போதும் கிடைக்கும், தறியும் வீட்டிலேயே இருக்கும்.

அரசு பாலிடெக்னிக்கில் கல்விக் கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். ஆனால் பாலிடெக்னிக்கில் சேர பாலிசெட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: 120 மதிப்பெண், கணக்குக்கு 50, இயற்பியலுக்கு 40, வேதியியலுக்கு 30, எல்லாம் பத்தாம் வகுப்புப் பாடம். கேள்விகள் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருக்கும். உங்கள் பையன் தமிழ் மீடியம். பாடம் தெரிந்தும் கேள்வி புரியாமல் தடுமாறுகிற எல்லைப் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். இன்றிலிருந்தே கணக்கு, இயற்பியல் சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும்.

திருப்பதி கல்லூரிக்கு முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். கட்டாதீர்கள். அடுத்த தடவை உங்கள் அண்ணனையும் அழைத்து வாருங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.