ஓதக் கணக்கு தள்ளிப் போவது ஏன்?

எண்ணூர் முகத்துவாரத்தில் பத்து நாள் மணிக்கொரு தரம் நீர்மட்டம் அளந்தும், 24 மணி நேர அலையை வைத்துப் போட்ட ஓதக் கணக்கு (கடல்நீர் ஏறி இறங்கும் நேரக் கணக்கு) தினமும் தள்ளிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். அளவில் தப்பில்லை, எடுத்த அலைதான் தப்பு. ஓதத்தில் நிலாவுக்கே பெரிய பங்கு. அதன் அலை 12.42 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். அதனால்தான் ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. (காசிமேட்டு மீனவப் பெரியவர்களிடம் கேட்டிருந்தால் கணினியே வேண்டாம்!) சூரியனின் 12 மணி அலையையும் சேர்த்து, பைத்தான் கணினி மொழியில் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (அளவுகளோடு மிக நெருங்கிப் பொருந்தும் அலைகளைக் கண்டுபிடிக்கும் முறை) போட்டுப் பாருங்கள். ஆனால் இரண்டையும் பிரித்தெடுக்க 15 நாள் அளவாவது வேண்டும். இயற்பியலாளர் கெல்வின் 1872-இல் பல்சக்கரமும் கப்பியும் வைத்துத் திட்டமிட்ட, ஓதத்தை முன்கூட்டிச் சொல்லும் இயந்திரம் செய்ததும் இப்படி அலைகளைக் கூட்டுவதைத்தான். அப்புறம், அங்கே கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்த நாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.