மின்வெட்டுக்குப் பிறகும் கோப்பின் பூட்டு ஏன் விடுபடவில்லை?

டர்பனில் உங்கள் சங்க அலுவலகத்தின் மூன்று கணினிகள் லினக்ஸ் சர்வரிலுள்ள பதிவேட்டை என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் பகிர்கின்றன. மின்வெட்டில் ஒன்று அணைந்தால் மற்ற இரண்டிலும் கோப்பு பூட்டியே கிடக்கிறது என்கிறீர்கள்.

பெரும்பாலும் அது என்எஃப்எஸ் பதிப்பு 3 ஆக இருக்கும். என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையை -எம் சேர்த்து (nfsstat -m) ஓட்டினால் பதிப்பு தெரியும். பதிப்பு 3-இல் பூட்டுகளை லாக்டி, ஸ்டாட்டி என்ற தனிச் சேவைகள் கவனிக்கின்றன. அணைந்த கணினி மறுபடி எழுந்து தகவல் சொல்லும்வரை சர்வர் பூட்டை விடாது. அது பழுதாகிப் போனால் பூட்டும் அப்படியே நிற்கும்.

பதிப்பு 4-க்கு மாறுங்கள். அதில் பூட்டு ஒரு குத்தகை மாதிரி; கணினி அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் இயல்பான கெடு 90 விநாடி. அது கடந்தபின் வேறொருவர் கேட்டால் பூட்டு அவருக்குப் போய்விடும். வலைப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலிலும் டிசிபி 2049 போர்ட் ஒன்றைத் திறந்தால் போதும். சர்வரே அணைந்து எழுந்தால், பழைய பூட்டுகளை மீட்க அவகாசம் தருவதற்காக முதல் 90 விநாடிவரை புதுப் பூட்டு கிடைக்காமல் போகலாம். அது கோளாறு அல்ல, காத்திருங்கள்.

தயவுசெய்து நோலாக் (nolock) என்ற விருப்பத்தைப் போட்டு, சர்வரின் ஃபோல்டரை மவுண்ட் செய்யாதீர்கள், அதாவது கணினியோடு இணைக்காதீர்கள். பூட்டு அந்தந்தக் கணினிக்குள்ளேயே நின்றுவிடும். இருவர் ஒரே நேரத்தில் எழுதிப் பதிவேடு சிதையும்.

பதிவேடு லிப்ரே ஆபீஸ் கோப்பா? அது அதே ஃபோல்டரில் தனியாக ஒரு மறைவான பூட்டுக் கோப்பும் வைக்கும். திடீரென அணைந்தால் அது மிஞ்சிவிடும். யாரும் திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அழித்துவிடலாம்.