டியூட்டி போர்டைக் காட்டுங்கள்

கேள்வி: மும்பையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் சப்-இன்ஸ்பெக்டரை நாயகியாக வைத்து க்ரைம் நாவல் எழுதுகிறேன். தாராவியில் ஒரு கொலை. ஸ்டேஷனில் ஆண் அதிகாரிகள் அவளைக் கேலி செய்துகொண்டே இருக்கிறார்கள். படித்த நண்பர்கள் 'சீரியல் மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். நீங்கள் காக்கி போட்டவர். எங்கே தவறு?
– ஒரு வாசகர், சயான் கோலிவாடா

பதில்: தம்பி, கேலி பேசுகிறவர்கள் ஸ்டேஷனில் உண்டுதான். ஆனால் என்னை அழவைத்தது கேலி இல்லை, டியூட்டி போர்டு. கொலை என்றால் ஆண்கள் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். எனக்கு மாமியார் மருமகள் சண்டை, இல்லாவிட்டால் பந்தோபஸ்து. அனந்த சதுர்தசி அன்று கிர்காவ் சௌபாட்டி கடற்கரையில் பிள்ளையார் சிலைகளைக் கரைக்கும் விசர்ஜன் பந்தோபஸ்து மறுநாள் காலைவரை நீளும். பக்கத்தில் கழிப்பறை இருக்காது என்று மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம். பல வருடம் கழித்து, 'இவருக்குக் கொலை வழக்கு அனுபவம் இல்லையே' என்பார்கள். எப்படி இருக்கும்?

ஒருமுறை ஒரு இளம்பெண் கொலை. எல்லோரும் ஸ்பாட்டுக்குப் போனார்கள். என்னிடம், 'அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வை' என்றார்கள். திருநெல்வேலிப் பக்கத்து அம்மா, மராத்தி தெரியாது. முந்தின ராத்திரி வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கேஸ் டைரியில் அது வேறொருவர் விசாரித்ததாக ஏறியது. இதையெல்லாம் பெண்ணின் உள்ளுணர்வு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது விசாரணை.

இன்னொன்று. சூரியன் மறைந்தபின் ஒரு பெண்ணைக் கைது செய்யக்கூடாது. தவிர்க்கவே முடியாத நிலை என்றால், பெண் போலீஸ் அதிகாரிதான் எழுத்துபூர்வமாக அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005-இல் வந்த திருத்தம் இது, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்திலும் உண்டு. அதனால் நடுராத்திரியில் உங்கள் நாயகிக்கு போன் வரும். அறிக்கை தயாராக இருக்கும், 'கையெழுத்து மட்டும் போடுங்க மேடம்' என்பார்கள். சந்தேகப்படும் பெண் குற்றவாளி இல்லை என்று நாயகிக்குத் தெரியும். அவள் போடாவிட்டால்? அந்த ஒரு காட்சிக்குப் பத்துக் கேலி வசனம் ஈடாகாது. கதை 1990-களில் என்றால் இது செல்லாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலதிகாரி தவறாக நடக்கும்போது அவள் புகார் கொடுப்பதாக எழுதலாமா?

பதில்: தாராளமாக. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி போலீஸ் ஸ்டேஷனும் பணியிடம்தான். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். புகாரை விசாரிக்கும் கமிட்டிக்கு மூத்த பெண் ஊழியர் தலைமை, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் அதே அதிகாரி மேலதிகாரியாக இருந்தால் அவள் முகம் எப்படி மாறும் என்று எழுதுங்கள். அவளையும் வில்லியாக்கிவிடாதீர்கள்.

கொலை வழக்கிலும் 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், உள்ளே இருப்பவன் ஜாமீன் கேட்டு வெளியே வந்துவிடலாம். இரண்டு கணக்கும் ஒரே வாரத்தில் தொடங்கட்டும். அறுபதாவது நாள் அவளுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரட்டும். அப்புறம் அந்த கேஸ் ஃபைல் யார் மேஜைக்குப் போகிறது என்று எழுதுங்கள் தம்பி.