கிழிந்த துணியைத் தைத்துப் போடுவதா, புதிது வாங்குவதா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். வீட்டில் மாமியார் காலத்துக் கால்மிஷின் ஓடும் நிலையில் இருக்கிறது. காலர் நைந்த ஆபீஸ் சட்டை மூன்று, தொடை உரசும் இடத்தில் தேய்ந்த ஜீன்ஸ் ஒன்று, போன மழைக்காலத்தில் கறுப்புப் புள்ளி விழுந்த காட்டன் புடவை ஒன்று கிடக்கின்றன. உட்கார்ந்து தைக்கலாமா, பாண்டி சண்டே மார்க்கெட்டுக்குப் போய்ப் புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்:

ஓட்டை எவ்வளவு பெரிது என்பது அப்புறம். முதலில் அதைச் சுற்றியுள்ள துணிக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். கிழிசலிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து, நெடுக்கிலும் குறுக்கிலும் நன்றாக இழுங்கள். இழை அறுபடும் சத்தம் கேட்டால் தைத்துப் புண்ணியமில்லை. ஊசி குத்திய துளை வழியாகவே அடுத்த கிழிசல் வரும். சத்தமில்லாமல் தாங்கினால், ஓட்டை ஒரு சாண் இருந்தாலும் தைக்கலாம். சோதனையைத் துவைத்துக் காயவைத்த துணியில் செய்யுங்கள். ஈரத்தில் இழுத்தால் சரியாகத் தெரியாது.

சட்டையில் தொடங்குவோம். அதில்தான் லாபம் அதிகம். காலர் மடியும் கோட்டில் மட்டும் நைந்து, உடம்புத் துணி நன்றாக இருந்தால் காலரைத் திருப்பிப் போடலாம். பழைய தையல்காரர்கள் எல்லோரும் செய்த வேலைதான்; இப்போது கேட்டால் நேரம் இல்லை என்பார்கள். பிரிப்பதற்கு முன் காலரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் குச்சி சொருகும் துளை இருந்தாலோ, அடித்துணி இரண்டு துண்டாக ஒட்டுப் போடப்பட்டிருந்தாலோ விட்டுவிடுங்கள். திருப்பினால் அதெல்லாம் மேலே வந்து நிற்கும்.

சட்டையில் காலர் என்பது இரண்டு பாகம்: கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி, அதற்குள் சொருகித் தைத்த மடியும் பாகம். நமக்கு வேண்டியது மடியும் பாகம் மட்டும். பட்டியை உடம்போடு சேர்க்கும் தையலைத் தொடவே கூடாது. முதலில் காலரை இரண்டாக மடித்து நடுவில் கலர் நூலால் ஒரு குறி, பட்டியின் நடுவிலும் ஒரு குறி. பிறகு பட்டியின் மேல் ஓரத் தையலில் மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு, மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் முழு நீளமாக வந்துவிடும். பிளேடை வைத்து நெடுகக் கிழித்தால் பட்டித் துணியில் வெட்டு விழும். உள்ளே இன்னொரு தையல் இருக்கும், அதையும் பிரியுங்கள்.

காலர் தனியாக வந்ததும் நைந்த கோட்டின் மேல் அதே நிற நூலால் நெருக்கமாக நாலைந்து வரி ஓட்டிவிடுங்கள். இனி அது அடிப்பக்கம் போகப்போகிறது, அழகு பார்க்க வேண்டியதில்லை. இஸ்திரி போட்டு, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி, நடுக்குறியோடு நடுக்குறி வைத்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கையால் பெரிய தையல் போட்டுப் பிடியுங்கள். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் அரை அங்குலம் நகர்ந்து, ஒரு காலர் முனை நீண்டும் மறுமுனை குட்டையாகவும் வரும். இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பட்டன் போட்டுக் கண்ணாடியில் பார்த்த பிறகு மிஷினில் பழைய துளை வரியின் மேலேயே ஓட்டுங்கள். சட்டைத் துணிக்கு 11 அல்லது 14ஆம் நம்பர் ஊசி போதும். மூன்று சட்டைக்கும் சேர்த்து ஒரு சாயங்காலம் ஆகும். முதல் சட்டைக்கே பாதி நேரம் போய்விடும்.

காலர் இவ்வளவு சீக்கிரம் நைவதற்கு வியர்வையைவிடத் துவைகல்லும் பிரஷும்தான் பெரிய காரணம். மடிப்புக் கோட்டில் சோப்பைக் குழைத்துப் பூசி அரை மணி நேரம் விட்டுக் கையால் கசக்குங்கள். பிரஷைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஜீன்ஸ். நீல இழை நெடுக்கில் ஓடும் பாவு, வெள்ளை இழை குறுக்கில் ஓடும் ஊடை. தொடை உரசும்போது முதலில் போவது மேலே நிற்கும் நீல இழை. வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரிகின்றன என்றால் பாதித் துணி போய்விட்டது என்று அர்த்தம். ஓட்டை விழும் முன்பே, நீலம் வெளுத்து மெலியும்போதே ஒட்டுப் போட்டால் வேலை பாதி. இழுத்தால் நீளும் ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸாக இருந்து, தேய்ந்த இடத்தில் ரப்பர் மாதிரி மெல்லிய வெள்ளைச் சுருள் இழை நீட்டிக்கொண்டிருந்தால் மெனக்கெடாதீர்கள். அது இனி இழுத்தால் திரும்பாது, முட்டி தொங்கும்.

ஒட்டுத் துணியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தடித்த ஜீன்ஸ் துண்டை வைத்தால் அதன் விளிம்பு கத்தி மாதிரி உரசி, விளிம்பை ஒட்டியே புது ஓட்டை விழும். நெருக்கமாக நெய்த மெல்லிய காட்டன்தான் நல்லது. பழைய பருத்திப் படுக்கை விரிப்பு இருந்தால் அதில் நசியாத ஓரப் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். (1898இல் தொடங்கிய பாண்டி ஏ.எஃப்.டி. மில்லை 2020இல் மூடிவிட்டார்கள். அந்தக் காலத்து மில் துணி ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் கரித்துணி ஆக்கிவிடாதீர்கள்.) புதுத் துணி என்றால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கி ஜீன்ஸைச் சுருக்கும்.

தேய்ந்த இடத்தைவிடச் சுற்றிலும் ஒன்றரை அங்குலம் பெரிதாக வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். விளிம்பை மடிக்க வேண்டாம். மடித்தால் அந்தத் தடிப்பு தொடையை அறுக்கும். உள்பக்கம் வைத்து, துண்டின் நெடுக்கு இழையும் ஜீன்ஸின் நெடுக்கு இழையும் ஒரே திசையில் இருக்கும்படி கையால் பிடித்துத் தைத்துவிட்டு மிஷினுக்குப் போங்கள். 16ஆம் நம்பர் ஊசி, கருநீல நூல். நீல இழை ஓடும் திசையிலேயே மேலும் கீழுமாக, வரிக்கு வரி கால் சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். எல்லா வரியும் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில் துணி கிழியும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று பல் வரிசை மாதிரி முடியட்டும். நாலு தையலும் சந்திக்கும் கவட்டை முடிச்சில் காலால் மிதிக்காதீர்கள், ஊசி உடைந்து தெறிக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்டுங்கள். கால்மிஷினில் ரிவர்ஸ் இல்லையென்றால் முடிவில் நாலு அங்குலம் நூல் விட்டு உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள்.

ஜிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடற்கரை ஊரில் அது கெடாத வீடு கிடையாது. மூடிய பிறகும் நடுவில் வாய் திறந்தால் பல்லில் குறை இல்லை, ரன்னர் அகன்றுவிட்டது. சின்னக் குறடால் ரன்னரின் இரண்டு பக்கத்தையும் துளித் துளியாக அழுத்துங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் உடையும், அப்புறம் ரன்னர் மாற்ற வேண்டியதுதான். உப்புக் காற்றில் இறுகிப்போன உலோக ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். பல்லே விழுந்துவிட்டால் சாலையோர ஆல்டரேஷன்காரரிடம் கொடுங்கள். ஜீன்ஸில் ஜிப் மாற்றுவது வீட்டு மிஷினுக்கு நச்சு வேலை.

ஜாக்கெட் கொக்கியும் இப்படித்தான் துருப்பிடிக்கும். துருக்கறைக்கு ப்ளீச் ஊற்றாதீர்கள், கறை நிலைத்துவிடும். வெள்ளைக் காட்டனில் எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு வெயிலில் காயவைத்து அலசினால் பெரும்பாலும் போகும்.

கைலி, நைட்டி, பனியன் விஷயத்தில் கணக்கு வேறு. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கைத்தறிக் கைலி என்றால் மூட்டுத் தையல் விட்டதும் ஒரு ஓட்டு ஓட்டி இன்னும் பல மாதம் கட்டலாம், துணி அப்படி. பனியன் துணியில் பொட்டு ஓட்டை விழுந்தால் வீட்டில் தைக்கலாம், ஆனால் சாதாரண ஊசி இழையை அறுத்து ஓட்டையைப் பெரிதாக்கும்; முனை மழுங்கிய ஊசி வேண்டும். சண்டே மார்க்கெட்டில் குவித்து விற்கும் டீ-ஷர்ட்டுக்கு அவ்வளவு பாடு எதற்கு?

கடைசியாகப் புடவை. கறுப்புப் புள்ளி பூஞ்சை. ஐப்பசி கார்த்திகை மழையில் கஞ்சி போட்ட காட்டனைப் பீரோவில் அடுக்கினால் வந்தே தீரும். பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் கஞ்சிதான் சாப்பாடு. புடவையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் காயவைத்துத் தட்டிவிட்டுத் துவையுங்கள். வீட்டுக்குள் உதறினால் மற்றத் துணிக்கும் பரவும். பிறகு மடிப்பு விழுந்த இடங்களில் கட்டைவிரல் சோதனை. தாங்கினால் புள்ளி போகாவிட்டாலும் வீட்டில் கட்டலாம், கொசுவத்துக்குள் மறைந்துவிடும். ஃபால்ஸ் மட்டும் உளுத்திருந்தால் மாற்றுங்கள். புது ஃபால்ஸையும் ஊறவைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும்.

மடிப்பில் பிளந்தால் அந்தப் புடவையின் கதை முடிந்தது. கரையை வெட்டி எடுத்துத் தனியாக இழுத்துப் பாருங்கள், கரை பெரும்பாலும் நெருக்கமான நெசவு, தாங்கும். ஜாக்கெட் கைக்கு வைக்கலாம். மற்றதைத் தரை துடைக்கவோ பாத்திரம் பிடிக்கவோ கிழித்துக்கொள்ளுங்கள். பழைய காட்டன் புடவை மெத்தென்று இருக்கிறதே என்று குழந்தைக்குத் தூளி மட்டும் கட்டிவிடாதீர்கள். பூஞ்சை தின்ற துணி பாரம் ஏறியதும் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும்.